கட்டபொம்மன் கோட்டு வாடகைக்கு: மதுரையில் ஒரு நாடக டிரஸ் கடை

போன பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போட்டோம். அதற்கு உடை எடுத்த கடையைப் பற்றிச் சொல்லச் சொல்லி மூன்று பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. இருபத்திரண்டு வருடமாக வருடத்துக்கு ஒரு நாடகம் என்று விடாமல் போட்டு வருகிறேன். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே நிற்கிற சிலைக்கு நிலம் வாங்கிச் சிலையும் வைத்தவர் சிவாஜி கணேசன். எங்கள் பிள்ளைகள் திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். அதனால் இந்த நாடகத்தை ஏனோதானோவென்று போட எனக்கு மனது வராது.

அதற்கு முந்தைய தடவை, சில வருடங்களுக்கு முன்னால், பக்கத்திலேயே ஒரு மாறுவேடப் போட்டி உடைக் கடையில் எடுத்திருந்தேன். பளபளவென்று சாட்டின் துணி, முதுகில் ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை, அட்டையில் செய்து தங்கத்தாள் ஒட்டிய கிரீடம். வெள்ளையத்தேவனாக வந்த பையன் வாளை உருவக் கை தூக்கியதும் முதுகுப்பட்டை சர்ரென்று பிரிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அந்தப் பிள்ளை மேடைக்குப் பின்னால் வந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை. இனி துணிக் கடைப் பொம்மைக்குப் போடுகிற உடுப்பை மேடைக்கு எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மதுரைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாடக நடிகர் சங்கத்துக்காரர்கள் நடமாடுகிற வட்டாரத்தில் போய் "டிரஸ் கடை" என்று கேட்டால் டீக்கடைக்காரரே கை காட்டுவார். கீழே அச்சகம், மாடியில் கடை. படி குறுகல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனதும் முதலில் வருவது பூச்சி உருண்டை வாசம். அடுத்தது சாம்பிராணி. நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் கம்பியில் ராஜபார்ட் என்கிற ராஜா வேட உடைகள், ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேட உடைகள், பபூன் என்கிற கோமாளியின் சட்டைகள். சுவரில் ஆணி அடித்து டோப்பாக்கள். நாரதர் சடை, எமதர்மன் மீசை எல்லாம் பாலிதீன் பைக்குள் தூங்குகின்றன. வாசலுக்கு நேரே தமிழ் நாடகத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் படம், அதற்குத் தினமும் பூ.

கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் சின்ன வயதில் வேடம் கட்டியவர்தான். தையல் வேலையை இப்போது மருமகள் பார்க்கிறார். நான் ஏதாவது கேட்டால் மருமகள் விலை சொல்வார், பெரியவர் கதை சொல்வார். இரண்டும் தேவைப்பட்டது.

"என்ன நாடகம் டீச்சர்?"

"கட்டபொம்மன்ங்க ஐயா."

"வேஷம் கட்டுற பிள்ளையைக் கூட்டியாந்தீங்களா?"

கூட்டிப் போகவில்லை. அளவு மட்டும் நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "கட்டபொம்மன் டிரஸ்ஸை ஆள் இல்லாம குடுக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்துக்கே நூறு கிலோமீட்டர் பக்கம் என்றால் சும்மாவா? ஆனால் இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு பிடிவாதத்துக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை பையனையும் அவன் அப்பாவையும் அழைத்துப் போனேன். பதினோராம் வகுப்பு. குரல் அருமையான குரல், உடம்பு ஒல்லி. தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பான். வகுப்பில் எத்தனை தடவை "நிமிர்ந்து நில்லுடா" என்று சொல்லியிருப்பேனோ தெரியாது.

பெரியவர் உள்ளேயிருந்து ஒரு கோட்டு எடுத்து வந்தார். கருஞ்சிவப்பு வெல்வெட். கழுத்திலிருந்து முழங்கால்வரை சரிகைப் பட்டி, அதன்மேல் கையால் கோத்த ஜமிக்கி. வெளியே பார்த்தால் அரண்மனை. உள்ளே திருப்பிக் காட்டினார்: கெட்டிக் காடாத் துணி, அக்குளில் இரண்டு அடுக்கு, தோளில் பஞ்சு வைத்துத் தைத்த பட்டை. காலருக்கு உள்பக்கம் வியர்வையால் நிறம் மாறிய நாடா, அதில் அழியாத மையில் ஏதோ எண்கள். எந்த வருடம் தைத்தது, எத்தனை தடவை பிரித்துத் தைத்தது என்கிற கணக்காம். கையில் வாங்கினேன், நாலு கிலோவுக்குக் குறையாது.

பையனுக்கு மாட்டினார்கள். அதன்பிறகு நடந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். கோட்டின் கனம் தோளைக் கீழே இழுக்கிறது. கீழே விழாமல் இருக்க உடம்பு தானாக முதுகை நிமிர்த்துகிறது. தோள் பின்னால் போகிறது, நெஞ்சு முன்னால் வருகிறது. அவன் வழக்கம்போல் முழங்கையிலிருந்து கையை ஆட்டி வசனத்தை ஆரம்பித்தான். கோட்டின் கை விறைப்பு விடவில்லை. பெரியவர் அவன் முழங்கையைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கமாக நகர்த்தினார்.

"தம்பி, கையை இங்கேருந்து வீசாத. தோள்லேருந்து எடு. மெதுவா எடு. டிரஸ்ஸே உனக்குச் சொல்லும்."

இரண்டாம் தடவை சொன்னபோது கை அகலமாக, மெதுவாகப் போய் நின்றது. ஒரு எட்டு வைத்தான், கோட்டின் கீழ்விளிம்பு சுழன்று வந்து காலில் பட்டது. அடுத்த எட்டை அது வந்து படும்வரை காத்திருந்து வைத்தான். அவன் அப்பா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொடுக்க முடியாததை அந்தக் கோட்டு ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்தது.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது சிவாஜிதான். நினைவு வராமல் எப்படி இருக்கும்? கட்டபொம்மன் என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் கண்ணில் வருகிற முகம் அவருடையது. இன்றைக்குப் பிள்ளைகள் அவர் நடிப்பை செல்போனில் பார்த்துவிட்டு "ஓவர் ஆக்டிங் டீச்சர்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளங்கை அளவு திரையில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த நடிப்பு எங்கே பிறந்தது என்று இந்தக் கடை மாடியில் நின்றால் புரியும்.

திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் கணேசனுக்கு நடிப்பு ஆசை வந்தது. வீட்டை விட்டு, சிறுவர்களே எல்லா வேடமும் கட்டுகிற பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவில் சேர்ந்தார், பெற்றோர் இல்லாத பிள்ளை என்று சொல்லிச் சேர்ந்தார். முதலில் கிடைத்தது சீதை வேடம். பெண் வேடம், ஆண் வேடம், சின்ன வேடம், பெரிய வேடம் என்று வருடக்கணக்காகக் கொட்டகை கொட்டகையாக வளர்ந்த உடம்பு அது. அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துத் தந்தை பெரியார் கொடுத்த பெயர்தான் சிவாஜி. யோசித்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் விருது அந்தப் பெயர்தான், பத்திரமோ பதக்கமோ இல்லாத விருது. பிறகு வந்த எல்லா விருதையும்விட அதுதான் அவரோடு ஒட்டிக்கொண்டது.

சினிமாவுக்கு வந்ததும் மேடை வழியாகத்தான். நூர்ஜஹான் நாடகத்தில் பெண் வேடத்தில் அவரைப் பார்த்துத்தான் வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியார் 'பராசக்தி'க்கு எடுத்தார். கூட்டுத் தயாரிப்பாளரான ஏவி.எம். தரப்புக்கு ஆள் ஒல்லி என்று திருப்தியில்லை. முதலியார் விடாப்பிடியாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் முதலியார் வீட்டுக்குப் போய் மரியாதை செய்கிற வழக்கத்தை சிவாஜி கடைசிவரை விடவில்லை. ஒல்லி என்று சொன்ன இடத்தை நான் பையனிடம் அழுத்திச் சொன்னேன். அவனுக்கு அது தேவையாக இருந்தது.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் 1959இல் வந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1957இல், சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி நாடக மன்றம் அதை மேடையேற்றிவிட்டது. நூறு தடவைக்கு மேல் மேடையில் அந்த வேடத்தைக் கட்டியிருக்கிறார். பராசக்தியில் தொடங்கிப் பெரிய நட்சத்திரமாகிவிட்ட பிறகும், படப்பிடிப்புகளுக்கு நடுவே, ஊர் ஊராகப் போய். கேமரா முன்னால் நின்றபோது ஜாக்சன் துரையிடம் எந்த இடத்தில் குரலை இறக்கினால் கூட்டம் மூச்சை அடக்கும், எங்கே ஏற்றினால் கை தட்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். நூறு ராத்திரிக் கூட்டம் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. இசைக்கு ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தது. தமிழே தெரியாத நடுவர்கள். அவர்கள் பார்த்தது என்ன? அந்த நடையை, அந்தத் தோளை, அந்தக் குரல் ஏறி இறங்குவதைத்தான் பார்த்திருப்பார்கள். கெய்ரோ விருது சினிமாவுக்குக் கொடுத்ததுதான், ஆனால் அதில் பாதி நம்முடைய நாடகக் கொட்டகைக்குச் சேர வேண்டியது என்று நான் நம்புகிறேன். பெரியவரிடமும் அதையே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கோட்டின் பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிவாஜிக்கு நீங்கள் தைத்ததுண்டா என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்துக் கடை டீச்சர். அவருக்குத் தைச்சோம்னு சொன்னா வாடகை கூட வாங்கலாம். பொய் சொல்லக் கூடாதுல்ல" என்றார். கடைக்காரர் நேர்மையைப் பற்றி இதற்குமேல் நான் என்ன எழுத?

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் கேட்டான், "இந்த வேஷத்துக்கு அவருக்கு நேஷனல் அவார்டு கிடைச்சுதா டீச்சர்?"

இந்தக் கேள்வி எங்கள் ஆசிரியர் அறையில் வருடத்துக்கு ஒரு தடவையாவது வரும். டெல்லிக்காரர்கள் சிவாஜியை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் பிள்ளைகளிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். தேசிய விருதில் சிறந்த நடிகர் என்ற பிரிவே 1967ஆம் வருடத்துப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதலில் வாங்கியவர் வங்காளத்து உத்தம் குமார். அதனால் கட்டபொம்மன், 1961இன் பாசமலர், 1964இன் கர்ணன், 1965இன் திருவிளையாடல் எதற்கும் அந்த விருது கிடைத்திருக்க வழியே இல்லை. கேள்வி கேட்க வேண்டியது அதற்குப் பிந்தைய படங்களைப் பற்றித்தான். 1968இல் தில்லானா மோகனாம்பாள், 1969இல் மூன்று வேடத்தில் தெய்வமகன், 1970இல் வியட்நாம் வீடு, 1972இல் ஞான ஒளி, 1973இல் கௌரவம், 1985இல் முதல் மரியாதை. இதில் ஒன்றுக்குமா தோன்றவில்லை? தெய்வமகன் ஆஸ்கருக்கு நம் நாட்டின் சார்பில் போன படமாயிற்றே? சிறந்த நடிகர் விருதை முதலில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எம்.ஜி.ஆர்., 1971இல் ரிக்ஷாக்காரனுக்கு. சிவாஜிக்குக் கடைசியில் 1992இன் தேவர் மகனுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று அறிவித்தார்கள். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் நாயகனாக நின்றவருக்கு அந்த விருது போதாது என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதில் தவறே இல்லை என்பேன்.

1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996க்கான தாதாசாகேப் பால்கே. வரிசையாக எழுதிப் பார்த்தால் பெரிய பட்டியல்தான். ஆனாலும் நடிப்புக்கென்று, ஒரு வேடத்துக்கென்று, உலக அளவில் கிடைத்தது கெய்ரோ. அது கட்டபொம்மனுக்குக் கிடைத்தது. பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதட்டுக்குள் வசனத்தை முணுமுணுக்க ஆரம்பித்தான். சாத்தூர் தாண்டியும் நிறுத்தவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். வாடகைக் கணக்கு: கட்டபொம்மன் முழுசெட் 600 ரூபாய். கோட்டு, கால்சட்டை, தலைப்பாகை, இடைக்கச்சை, வாள் உறையோடு எல்லாம் அடக்கம். ஊமைத்துரை, வெள்ளையத்தேவன் தலா 450. ஜாக்சன், பானர்மன் தலா 500, வெள்ளைக்கார உடுப்பில் பித்தளைப் பொத்தான் அதிகம். எட்டப்பன் 400. சிப்பாய்கள் நாலு பேருக்கு 800. மொத்தம் 3,700. முன்பணம் 3,000, திருப்பிக் கொடுத்ததும் திரும்பி வந்தது. மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். மேக்கப்காரரை அவர்களே ஏற்பாடு செய்தார்கள், அவருக்குத் தனியாக 2,500ம் பஸ் செலவும். மாறுவேடக் கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவு எனக்கு என்ன கொடுத்தது என்று மேலேயே எழுதிவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செருப்பு மோசம். ராஜபார்ட் செருப்பு மூன்று ஜோடிதான் இருக்கிறது, மூன்றும் பெரிய ஆள் அளவு. நாங்கள் உள்ளே பஞ்சு அடைத்துச் சமாளித்தோம். சிப்பாய் உடுப்பில் ஒன்றுக்கு இடுப்புக் கொக்கி இல்லை, வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஜாக்சன் தொப்பியில் பழைய வியர்வை வாடை, ஒரு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் போனது. போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அளவான உடைகள் குறைவு. ஸ்திரீபார்ட் உடைகள் எல்லாம் வளர்ந்த நடிகைகளுக்குத் தைத்தவை. கட்டபொம்மன் மனைவி ஜக்கம்மாளுக்கு நாங்கள் வீட்டுப் பட்டுச் சேலைதான் கட்டினோம்.

முக்கியமான விஷயம், பங்குனி, சித்திரை, வைகாசியில் இந்தக் கடைக்குப் போகாதீர்கள். கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பெஷல் நாடகம் நடக்கிற காலம். வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் விடிய விடிய ஓடும், கம்பியில் ஒரு கோட்டு மிஞ்சாது. தை, மாசியில் ஆண்டு விழா வைக்கிற பள்ளிகளுக்குத் தோதாக இருக்கும்.

விழா அன்று மேக்கப்காரர் மாலை நாலு மணிக்கே வந்துவிட்டார். மீசை வைப்பதை எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். மெல்லிய வலையில் முடி கோத்த மீசை. மேலுதட்டில் ஸ்பிரிட் கம் என்கிற ஒட்டுப் பசையைத் தடவி, அது கொஞ்சம் இழுபடும் பதத்துக்கு வரும்வரை விசிறினார். பிறகு ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒற்றி அழுத்தினார். "சிரிக்காத, பேசாத, அஞ்சு நிமிஷம்" என்றார். பையன் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பழைய காலத்தில் முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்களாம். வேடத்தைக் கலைத்தபின் முகம் எரியுமாம். சீதையாக நின்ற அந்தச் சின்னக் கணேசனின் முகமும் எத்தனை ராத்திரி எரிந்திருக்கும் என்று எனக்கு நினைப்பு வந்தது.

நாடகம் நடந்துகொண்டிருந்தபோது பாதியில் மைக் நின்றுவிட்டது. ஜாக்சன் காட்சி. நான் திரைக்குப் பின்னால் வெலவெலத்துப் போனேன். பையன் ஒரு நொடி நின்றான். கோட்டின் விளிம்பு காலில் வந்து படும்வரை நின்றான். பிறகு வயிற்றிலிருந்து எடுத்துப் பேசினான். மைதானத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில் நின்ற பலூன்காரர்வரை கேட்டது. மைக் சரியான பிறகும் அவன் அதன் பக்கம் போகவில்லை.

பரிசு எதுவும் இல்லாத நாடகம் அது. விழா முடிந்ததும் எங்கள் பள்ளிக் காவலாளி தன் தோள் துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். அவன் அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் தரவேயில்லை, கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை உடைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். மருமகள் ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார். பானர்மன் சட்டையில் ஒரு பித்தளைப் பொத்தான் காணோம், அதற்கு 30 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தார். பெரியவர் கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, காலர் நாடாவைத் தடவிப் பார்த்தார். "நல்லா வேர்த்திருக்கான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வெயிலில் போட எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் பெண் பிள்ளைகளை வைத்துப் பாஞ்சாலி சபதம். அதை எழுதிய பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் போடாதது தவறு. பாஞ்சாலிக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தால் அளவெடுத்துப் புதிதாகவே தைத்துத் தருகிறேன் என்று மருமகள் சொல்லியிருக்கிறார். பீமன் கதாயுதத்துக்கு 200 ரூபாய் முன்பணம் கட்டி வந்துவிட்டேன்.